கச்சேரிக்கு முன்னாடி கை ஏன் ஜில்லுன்னு ஆகுது?

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்ல இருந்து நேரா விஷயத்துக்குப் போயிடலாம். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. பல வருஷமா கர்நாடக சங்கீதம் கத்துக்கிறாங்க. இந்த மார்கழியில முதல் தனிக் கச்சேரி. மத்தியான ஸ்லாட், ஒண்ணேகால் மணி நேரம். இதுவரைக்கும் மேடையில பாடினதெல்லாம் நாலஞ்சு பேரோட சேர்ந்துதான். இப்போ சபாவுக்கு போன் பண்ணி, "உடம்பு சரியில்லை"ன்னு சொல்லிடலாமான்னு யோசிக்கிறாங்க. அவங்க கேட்ட கேள்வி இதுதான்: "இவ்வளவு பயம் வருதுன்னா, எனக்கு மேடை சரிப்பட்டு வராதுன்னுதானே அர்த்தம்?"

இல்லைங்க. அப்படி அர்த்தம் இருந்தா, உலகத்துல பாதி மேடை காலியா இருந்திருக்கும்.

பாப்லோ கசால்ஸ்னு ஒரு செல்லோ கலைஞர். இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய செல்லோ மேதைகளில் ஒருவர். 1901-ல அமெரிக்காவுல மலை ஏறும்போது ஒரு பாறை உருண்டு அவரோட இடது கையில விழுந்துச்சு. அந்த நொடியில அவருக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? நல்லவேளை, இனிமே செல்லோ வாசிக்க வேண்டியதில்லை! இதை அவரே பின்னாடி சொல்லியிருக்கார். கை குணமாச்சு. அதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல வாசிச்சார். பயம் மட்டும் கடைசி வரைக்கும் போகலை.

இன்னொரு பக்கமும் இருக்கு. பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 1967-ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல ஒரு லட்சத்துக்கும் மேல கூட்டத்துக்கு முன்னாடி பாடும்போது பாட்டு வரிகள் மறந்துபோச்சு. அதுக்கப்புறம் சில நிகழ்ச்சிகள் தவிர, பெரிய கச்சேரிப் பயணம்னு அவர் கிளம்பினது 1994-லதான். வரிகள் ஓடுற திரையை எதிர்ல வெச்சுக்கிட்டுதான் பாடினார். அதனால பயத்தை லேசா எடுத்துக்கோங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை தவிர்த்தா, அடுத்த தடவை தவிர்க்கிறது இன்னும் சுலபமாயிடும். ஆபத்து அங்கதான் இருக்கு.

சரி, உடம்புக்குள்ள என்ன நடக்குது? ஏதோ ஆபத்துன்னு நினைச்சு மூளை அட்ரினலினைத் திறந்துவிடுது. இதயம் வேகமா அடிக்குது. தோல்ல இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்குது, அதனால விரல் ஜில்லுன்னு ஆகுது. எச்சில் சுரக்கிறது குறையுது, வாய் உலர்ந்துபோகுது. மூச்சு மேலோட்டமா நெஞ்சுலயே நிக்குது. ஓடுறதுக்கும் சண்டை போடுறதுக்கும் இது பிரமாதமான ஏற்பாடு. தோடி ஆலாபனைக்குக் கொஞ்சம் இடைஞ்சல், அவ்வளவுதான்.

இதுல யாரும் அதிகமா பேசாத ஒரு விளைவு, காலப்பிரமாணம். படபடப்புல இருக்கும்போது நமக்குச் சரியான வேகம்னு தோணுறது, உண்மையில வேகமா இருக்கும். வர்ணம் முதல் காலமே ஓட ஆரம்பிச்சா, ரெண்டாம் காலத்துல நாக்கு சுழலாது. அதனால எடுக்கிறதுக்கு முன்னாடி, வீட்ல பாடின வேகத்துல முதல் வரியை மனசுக்குள்ள ஒரு தடவை முழுசா பாடிப் பாருங்க. அப்புறம் வாயைத் திறங்க. அந்தப் பத்து செகண்டுக்காக யாரும் எழுந்து கேண்டீனுக்குப் போயிட மாட்டாங்க.

அடுத்தது, "அமைதியா இரு, அமைதியா இரு"ன்னு உங்களையே அதட்டாதீங்க. வேகமா அடிக்கிற இதயத்தை உத்தரவு போட்டு நிறுத்த முடியாது. 2014-ல ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கரோக்கி பாடப் போறதுக்கு முன்னாடி சிலரை "எனக்கு உற்சாகமா இருக்கு"ன்னு சொல்ல வெச்சாங்க, சிலரை "எனக்குப் பதற்றமா இருக்கு"ன்னு சொல்ல வெச்சாங்க. உற்சாகம்னு சொன்னவங்க சுருதி, தாளத்துல இன்னும் நல்லா பாடினாங்க. ரெண்டுக்கும் உடம்பு நிலை ஏறக்குறைய ஒண்ணுதான். நாம வைக்கிற பேர்தான் வேற.

இதோட மூச்சையும் கவனிங்க. நாலு எண்ணி உள்ளே, எட்டு எண்ணி வெளியே. வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும், அதனால வெளிமூச்சு நீளமா இருக்கணும். கிரீன் ரூம்ல அஞ்சு நிமிஷம் போதும். வீணை, வயலின், கிடார் வாசிக்கிறவங்க வெந்நீர்ல கையைச் சூடு பண்ணிக்கோங்க.

ஆனா உண்மையான வேலை கிரீன் ரூம்ல இல்லை, அதுக்கு முந்தின ஒரு மாசத்துல இருக்கு. பாட்டைப் பயிற்சி பண்ணுறோம், மேடையைப் பயிற்சி பண்ணுறதில்லை. மூணு விஷயம் செஞ்சு பாருங்க.

ஒண்ணு, அபார்ட்மென்ட் மாடிப்படி ரெண்டு மாடி ஓடி ஏறிட்டு, மூச்சு வாங்கும்போதே உட்கார்ந்து வர்ணம் பாடுங்க. துடிக்கிற இதயத்தோட பாடுறது எப்படின்னு உடம்பு கத்துக்கும்.

ரெண்டு, முழுக் கச்சேரியையும் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. நடுவுல நிறுத்தக் கூடாது. தப்பு வந்தாலும் தாளத்தை விடாம அடுத்த வரிக்குப் போகணும். தப்பினா முதல்ல இருந்து ஆரம்பிக்கிற பழக்கம் வீட்ல இருந்தா, மேடையிலயும் அதுதான் வரும். அப்புறம் அதையே மூணு பேர் முன்னாடி, அன்னிக்குக் கட்டப் போற புடவையோட, ஒண்ணேகால் மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுங்க. கால் எப்போ மரத்துப்போகும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிறது நல்லது.

மூணு, கிருதியை அனுபல்லவியிலிருந்தும் சரணத்திலிருந்தும் நேரடியா எடுத்துப் பழகுங்க. பல்லவியில ஆரம்பிச்சாதான் சரணம் ஞாபகம் வரும்னா, நடுவுல ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் போயிடும்.

மரியா ஜோவாவ் பிரெஸ், போர்ச்சுகல் பியானோ கலைஞர். ஆம்ஸ்டர்டாம்ல ஒரு மதிய நிகழ்ச்சி. ஆர்கெஸ்ட்ரா வாசிக்க ஆரம்பிச்சதும், தான் தயார் பண்ணிட்டு வந்த மோட்சார்ட் கான்செர்ட்டோ இது இல்லைன்னு அவருக்குத் தெரியுது. நடத்துனர் ரிக்கார்டோ ஷைலி நிறுத்தாம, சிரிச்சுக்கிட்டே தைரியம் சொல்றார். பிரெஸ் முகம் வெளிறிப்போகுது. ஆனா தன்னோட இடம் வந்ததும் அந்த வேற கான்செர்ட்டோவை ஞாபகத்துல இருந்து வாசிச்சுடுறார். அந்த வீடியோ யூடியூப்ல இருக்கு. ஏற்கெனவே ஆழமா பதிஞ்சது அன்னிக்குக் கை கொடுத்துச்சு.

மாத்திரை பத்தியும் சொல்லிடுறேன். 1987-ல அமெரிக்க சிம்ஃபனி கலைஞர்கள் 2,000 பேருக்கு மேல பதில் சொன்ன ஒரு கணக்கெடுப்புல, 27 சதவீதம் பேர் புரோப்ரனோலால் மாதிரியான பீட்டா பிளாக்கர் எடுத்ததா சொன்னாங்க. கை நடுக்கத்தை அது குறைக்கும், உண்மைதான். ஆனா ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட வாங்கிப் போடுற மாத்திரை இல்லை அது. டாக்டர்கிட்ட கேட்காம தொடாதீங்க. வாரக்கணக்குல தூக்கம் வரலை, வர்ற வாய்ப்பையெல்லாம் தட்டிக் கழிக்கிறீங்கன்னா, மனநல ஆலோசகரைப் பாருங்க. இதுக்குன்னு நல்ல சிகிச்சை முறைகள் இருக்கு.

கடைசியா ஒண்ணு. தனிக் கச்சேரின்னு பேர்தானே தவிர, பக்கத்துல வயலின் இருக்கு, மிருதங்கம் இருக்கு, பின்னாடி தம்பூரா இருக்கு. 'நான் எப்படித் தெரியுறேன்'னு மனசு கேட்க ஆரம்பிக்கும்போது, காதைத் தம்பூராகிட்ட கொடுங்க. சுருதியைக் கேட்கிற காதுக்குத் தன்னைப் பத்தி யோசிக்க நேரம் இருக்காது. மத்தியான ஸ்லாட்ல முப்பது பேர் வந்திருக்கலாம். வெயில்ல கிளம்பி வந்தவங்க. நல்லா பாடணும்னு ஆசைப்பட்டுதான் உட்கார்ந்திருக்காங்க.

சபாவுக்கு போன் பண்ணுங்க. எத்தனை மணிக்கு சவுண்ட் செக்னு கேளுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.