கந்தையும் காந்தாவும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கோப்புகளைத் துளையிட்டு நாடாவால் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட ரயில்வே குமாஸ்தா ஒருவன் தையலைப் பற்றிப் பேச முன்வருவது விந்தையாகத் தோன்றலாம். பழந்துணியால் இல்லத்தை அழகு செய்வது குறித்துப் பேசுமாறு மாதர் பிரிவினர் பணித்தனர். மறுக்கும் துணிவு எனக்கில்லை.

இதற்குரிய சான்றைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நாம் குடியேறி வாழும் இந்த வங்க மண்ணின் காந்தாவே போதும். வடமொழியில் 'கந்தா' என்பது ஒட்டுப்போட்ட துணியைக் குறிக்கும். நமது 'கந்தை'யும் வங்காளியரின் 'காந்தா'வும் அச்சொல்லின் வழிவந்தவையே. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்னார்கள் நம் மூதாட்டிகள். வங்கத்து மூதாட்டிகளோ கட்ட இயலாதபடி நைந்தபின் அதை அடுக்கித் தைத்தார்கள்.

முறை எளியது. உடுத்தி உடுத்தி மென்மையுற்ற வெள்ளைச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, நெட்டையான தையல்களால் பிணைப்பர். பிறகு பழஞ்சேலையின் கரையிலிருந்தே சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை உருவி எடுத்து, ஊசி மேலும் கீழும் ஓடும் எளிய தையலால் சித்திரம் வரைவர். நடுவே தாமரை, நான்கு மூலைகளிலும் மாங்காய் வடிவமோ மரமோ. விலைகொடுத்து வாங்குவது ஊசி ஒன்றே! புதுத்துணி இதற்கு உதவாது. பல மடிப்புகளை ஊடுருவ ஊசிக்கு நைந்த துணியின் இளக்கம் வேண்டும். போர்வைக்கு லேப், விரிப்புக்கு சுஜனி, கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைக்க ஆர்சிலதா, நூல்களைப் பொதிந்து வைக்க பைதன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு.

இவற்றின் அருமையை உணர்ந்து திரட்டியவர் ஐ.சி.எஸ். அதிகாரியான குருசதய தத்தர் (1882–1941). அவர் சேகரித்தவற்றைக் கொண்டு 1963இல் ஜோகாவில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா அத்தொகுப்பில் உள்ளது. தன் பெயரையும் அவள் அதில் தைத்துவைத்தாள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரும் காந்தாக்களைச் சேர்த்தார். 2009இல் அவை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2008இல் வங்கத்து நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடைகளில் இன்று புதுப்பட்டில் அச்செடுத்துத் தைத்து விற்கும் சேலைகள் அழகானவைதாம். பலருக்குச் சோறு போடுகின்றன. ஆயினும், ஒருவர் உடுத்திய துணி இல்லாத காந்தாவை முழுக்காந்தா என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பழஞ்சேலை தூளியாகும், கரித்துணியாகும். எஞ்சியது தெருவில் கூவி வரும் பாத்திரக்காரியிடம் போய்ச் சேரும். ஐந்து சேலைக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம்! அவள் பிழைப்பைக் கெடுக்க நான் சொல்லவில்லை. மறைந்துபோன தாயின் சேலையையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றே வேண்டுகிறேன். ஊரில் நம் வீடுகள் விற்றுப்போய்விட்டன. இங்கே பிறந்த பேரக்குழந்தைகளுக்குப் பாட்டியைக் காட்ட ஒரு புகைப்படமும் சில முழத் துணியுமே மிச்சம்.

பட்டும் பாலியஸ்டரும் வேண்டாம். ஜரிகை ஊசிக்குப் பகை. நைந்த எட்டு முழ வேட்டி அடித்தளத்துக்கு மிக ஏற்றது. மதுரைச் சுங்குடியை மேலே வைத்தால் அதன் புள்ளிகளே வழிகாட்டும்; தாமரைக்குப் பதிலாகப் புள்ளிக் கோலத்தைத் தைக்கலாம். சுவரில் தொங்கவிட மூன்று மடிப்புப் போதும். கஞ்சியை நன்றாக அலசிப் போக்கிவிட்டுத் தொடங்குங்கள். சாயம் போகும் துணியை மட்டும் தனியே நனைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் விழா மேடைக்குப் பின்திரை ஒன்றை ஆண்டுதோறும் வாடகைக்கு எடுக்கிறோம். அடுத்த ஆண்டுக்குள் நாமே ஒன்றைத் தைக்கலாமே! வீட்டுக்கு ஒரு முழம் பழஞ்சேலை. தைத்தவர் பெயரும் அச்சேலையை உடுத்தியவர் பெயரும் தமிழெழுத்தில். தை மாதத்திற்குள் துணிகளைத் துவைத்து, மடித்து, மாதர் பிரிவுச் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள். எழுத்துகளைத் துணியில் பென்சிலால் எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். குமாஸ்தாவின் கையெழுத்து அதற்காவது பயன்படட்டும்.