சிரித்தால் கசிகிறதா? கத்தியில்லாமல் வழி உண்டு
(முன்னாள் மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்ஜினீயருக்கு இந்தத் தலைப்பு எதுக்குன்னு சிலர் சிரிக்கிறீங்க. சிரிக்கலாம். ஆனால் சிரித்தாலே, இருமினாலே சிறுநீர் கசிந்துவிடுமோ என்று பயப்படும் தாய்மார்கள் நம் வீடுகளிலும் உண்டு. கல்யாண வீட்டுக்கு வரமாட்டார்கள், திருநெல்வேலி பஸ்ஸில் ஏறமாட்டார்கள். காரணமும் சொல்லமாட்டார்கள்.

சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தொட்டில் மாதிரித் தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். பிரசவம், உடல் பருமன், தீராத இருமல், மலச்சிக்கல் இவற்றால் அவை தளர்கின்றன. தளர்ந்த தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம் என்று 1948-ல் அமெரிக்க டாக்டர் அர்னால்டு கெகல் எழுதினார். தசை எவ்வளவு இறுகுகிறது என்று காட்ட, நம்ம பிரஷர் கேஜ் போல ஒரு கருவியையும் அவர் செய்தார். பார்த்தீர்களா, இன்ஜினீயருக்கும் இதில் இடம் உண்டு!

பயிற்சி எளிது. வாயு பிரியாமல் அடக்குவதுபோல உள்ளிழுத்துச் சில விநாடி இறுக்கவேண்டும்; பிறகு முழுவதும் தளர்த்தவேண்டும். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளுக்கு 3 வேளை. சங்கு குளிக்கிறவங்க மாதிரி மூச்சை அடக்கக் கூடாது. வயிறும் தொடையும் தளர்ந்தே இருக்கட்டும். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்யவேண்டும். பத்து நாளில் பலன் இல்லையென்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சரியான தசைதானா என்று டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

இன்னொரு வகை, திடீரென்று முட்டிக்கொண்டு வருவது. அதற்குச் சிறுநீர்ப்பையைப் பழக்கவேண்டும். போகிற இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 6 வாரமாவது பார்க்கவேண்டும். காபி, டீயைக் குறைக்கலாம். பருமனானவர்கள் எடை குறைத்தால் இரண்டு வகையிலும் பலன் உண்டு. கணுக்கால் நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டுவது, உள்ளே சிலிகோன் வளையம் வைப்பது போன்றவற்றை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது மட்டும் வைத்தியம் ஆகாது. சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடும். நம் உப்பளங்களில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே வெயிலில் நிற்கும் பெண்களை நாம் பார்க்கிறோம். உப்பளம் நடத்தும் நண்பர்களே, துறைமுகத்தில் பொறுப்பில் இருப்பவர்களே, வேலையிடத்தில் ஒரு கழிப்பறை கட்டுங்கள். அது நம் கையில் இருக்கிற காரியம்.

எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், அடியில் ஏதோ இறங்குவது போன்ற உணர்வு இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். நம் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது.

தங்கைகளே, இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தம்பிகளே, நீங்களும் கூச்சப்படாதீங்க. வயசானா அப்படித்தான் என்று அவர்கள் சொன்னால், அப்படி இல்லையென்று சொல்லுங்கள்.