மறுத்துரைக்கும் பயிற்சி: ஆங்கிலம் பயில்வோர்க்குச் சொற்போரின் துணை



ஆங்கிலத்தைப் பத்தாண்டுகளுக்கு மேல் பயின்ற மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாளிதழின் தலையங்கத்தை அவர் தடையின்றிப் படிக்கிறார். பிழை குறைந்த கட்டுரையும் எழுதுகிறார். ஆயினும் நேர்முகத் தேர்வில், 'ஏன் அவ்வாறு கருதுகிறீர்?' என்னும் வினா எழுந்தவுடன் அவர் நா எழுவதில்லை. அவர் அறியாதவர் அல்லர். அறிந்ததை எடுத்துரைக்கப் பழகாதவர். கேட்போரோ அம்மௌனத்தை அறியாமை என்றே கணக்கிடுகின்றனர். வீட்டில் ஆங்கிலம் வழங்காத குடும்பத்துப் பிள்ளைகளே இவ்விழப்புக்குப் பெரிதும் ஆளாகின்றனர்.

இதன் காரணத்தைக் கனடா நாட்டு ஆய்வாளர் மெரில் சுவெயின் 1985-இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. பிரெஞ்சு வழியில் பல ஆண்டுகள் பாடம் பயின்ற ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளை அவர் ஆராய்ந்தார். கேட்டதையும் படித்ததையும் உணர்வதில் அவர்கள் சிறந்து விளங்கினர். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறிற்று. கேட்பவர்க்குச் சூழல் கைகொடுக்கும். வினைச்சொல்லின் ஈறு செவியில் விழாவிடினும் பொருள் விளங்கிவிடும். பேசுபவரோ அவ்வீற்றைத் தாமே தேர்ந்து சொல்லியாக வேண்டும். ஆகவே, துல்லியமாகச் சொல்லும்படி மாணவரை உந்தும் வாய்ப்பு வகுப்பில் வேண்டும் என்பது அவர் கருத்து.

அத்தகைய வாய்ப்பைச் சொற்போர் தருகிறது. இயல்பான உரையாடலில் மாணவர் தமக்குத் தெரிந்த எளிய தொடர்களுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்ளலாம். சொற்போரில் அது இயலாது. 'அணை கட்டப்படாதிருந்தால் அவ்வூர் மூழ்கியிருக்கும்' என்று வாதிட முனைபவர், நிகழாததைக் கூறும் ஆங்கில வினையமைப்பை ஆண்டே தீரவேண்டும். எதிரணியின் கூற்றில் ஒரு பகுதியை ஏற்று மறுபகுதியை மறுக்க, 'ஆல்தோ', 'ஈவன் இஃப்' போன்ற இணைப்புச் சொற்கள் வேண்டும். மறுப்பதற்கு முன் எதிரியின் கருத்தைத் திரித்துக் கூறாமல் தம் சொற்களில் எடுத்துரைக்கவும் வேண்டும். இவையனைத்தும் உயர்நிலை மாணவர் இலக்கணப் பாடத்தில் கற்று, வாய்ப்பேச்சில் கைவிட்டவை.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலை பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகிறது. நீலகேசி வாதங்களாலேயே அமைந்த காப்பியம். அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். நூலாசிரியர் கைக்கொள்ளும் எழுவகை மதங்களை நன்னூல் தொகுத்துரைக்கிறது. உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தாமே ஒன்றை நாட்டி நிறுவுதல் என்பன அவற்றுட் சில. ஆங்கிலச் சொற்போர்ப் பயிற்சிக்கு இதனினும் தெளிவான பாடத்திட்டம் வேண்டுவதில்லை. ஒவ்வொரு மதத்திற்கும் உரிய ஆங்கிலத் தொடர்களை நான்கைந்தாகத் தொகுத்து, சொற்போருக்கு முன் மாணவர் கையில் தந்தால் போதும்.

1981-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழகச் சொற்போர்ப் போட்டியில், இருவர் கொண்ட நான்கு அணிகள் மோதுகின்றன. தலைப்பு அறிவித்தபின் ஆயத்தம் செய்யப் பதினைந்து நிமிடங்கள். பேச ஏழு நிமிடங்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டோர்க்கெனத் தனிப் பிரிவும் உண்டு. வகுப்பறைக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை. ஆயினும் எழுதி வைத்துப் படிக்க இடந்தராத அதன் நெறி கொள்ளத்தக்கது. மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது பேச்சாகாது. கையில் ஒரு சிறு தாளும் அதில் சில குறிப்புச் சொற்களுமே இருத்தல் வேண்டும். எந்த அணியில் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது நன்று. தம் கொள்கை தாக்கப்படுகிறதே என்னும் மனக்கசப்பு அப்பொழுது எழாது.

நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் அறுவர் மட்டும் மேடையேறினால், முப்பத்து நால்வர் வாளாவிருப்பர். எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்தால், ஒவ்வொரு குழுவிலும் அறுவர் பேச, இருவர் நடுவராவர். ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் இருபத்து நான்கு நிமிடங்களில் முப்பது பேர் பேசிவிடலாம். வகுப்பில் இரைச்சல் எழும். அதனைப் பொறுத்துக்கொள்வதே முறை. அடுத்த வகுப்பில் நடுவர்கள் பேச்சாளராகட்டும்.

ஒரே தலைப்பை மறுமுறை எடுத்துக்கொள்வது மிகுந்த பயன் தரும். ஒரு செய்தியையே வெவ்வேறு கேட்போரிடம் நான்கு, மூன்று, இரண்டு நிமிடங்களில் மும்முறை சொல்லும் பயிற்சியைப் பற்றி நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 1989-இல் எழுதினார். முதன்முறை பேசும்பொழுது மனம் கருத்தைத் தேடி அலைகிறது. மறுமுறை கருத்து ஆயத்தமாக இருப்பதால் மொழியின்மீது கவனம் செல்கிறது. இரண்டாம் முறை அணி மாறிப் பேசச் செய்தால் சலிப்பும் நேராது.

பிழை திருத்தலில் ஆசிரியர்க்குப் பொறுமை வேண்டும். பேச்சின் இடையே குறுக்கிட்டால் அச்சமே வளரும். கேட்ட பிழைகளைக் குறித்துவைத்து, முடிவில் பெயர் சுட்டாமல் கரும்பலகையில் எழுதி, மாணவரையே திருத்தச் செய்தல் நலம்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. உரத்த குரலும் நகைச்சுவையும் உள்ளவர் கைத்தட்டலைப் பெற்றுவிடுவர். திருவிழாப் பட்டிமன்றங்களிலும் இதனைக் காணலாம். எதிரணிக்கு விடையளித்த திறத்திற்கும், காரணம் காட்டிய தெளிவிற்கும் நடுவர்கள் மதிப்பெண் வழங்குவார்களாயின், மெல்லிய குரலில் பேசுவோர்க்கும் உரிய இடம் கிட்டும். மிகவும் கூச்சமுடையோர் முதலில் ஒரேயொரு வினாவை மட்டும் எழுப்பட்டும். பின்னர் ஒரு நிமிடம் பேசட்டும்.

அவையோர்களே, வசதி படைத்த பிள்ளைக்கு உணவு மேசையிலேயே ஆங்கிலத்தில் வாதிடும் பழக்கம் வாய்க்கிறது. நூலில் மட்டுமே ஆங்கிலம் கண்ட பிள்ளைக்கு அப்பழக்கத்தை வகுப்பறையன்றி வேறெவ்விடமும் தராது. அங்கே பெற்ற துணிவு ஆங்கிலத்தோடு நின்றுவிடுவதுமில்லை. மாற்றுக் கருத்தைச் செவிமடுத்து, பகைமையின்றி மறுத்துரைக்கக் கற்றவர் தம் தாய்மொழி அவையிலும் தலைநிமிர்ந்து பேசுவார்.