தேருக்கு ஒரு போர்வை



முல்லைக்குத் தேர் ஈந்தவன் பாரி. மயிலுக்குப் போர்வை ஈந்தவன் பேகன். தேருக்கே போர்வை ஈயும் மனிதரைப் பழம்புலவர்கள் பாடவில்லை. அவர்கள் அறிந்த முன்பனியும் பின்பனியும் இலை நுனியில் துளியாக நிற்கும் பனி. எஞ்சினை உறைய வைக்கும் பனியை நம்மவர்கள் பின்னாளில் கனடா போன்ற தேசங்களில்தான் கண்டார்கள்.

அங்கே வின்னிபெக் நகரில் மாரிகால இரவொன்று பூச்சியத்திற்குக் கீழே 30 பாகை செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. வெளியே நிறுத்திய காரின் பற்றரி தன் வலுவில் பாதிக்கு மேல் இழக்கும். எஞ்சின் எண்ணெய் பாகாகத் தடிக்கும். ரேடியேட்டரில் வெறும் நீர் இருந்தால் அது உறைந்து, ஒன்பது சதவீதம் அளவு பெருத்து, இரும்பையே பிளந்துவிடும். காலையில் கார் கிளம்பாவிட்டால் கூலி வேலைக்குப் போகிறவனுக்கு அன்றைய சம்பளம் போயிற்று.

இதற்கு மாற்று என்ன? நீரில் எதிலீன் கிளைக்கோலைச் சரிபாதி கலந்தால் பூச்சியத்திற்குக் கீழே 37 பாகை வரை உறையாது. எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் மின்சூடாக்கிக்கு, அமெரிக்காவின் வட டகோட்டாவைச் சேர்ந்த அன்ட்ரூ பிரீமன் 1949இல் காப்புரிமை பெற்றார். வின்னிபெக்கில் பல கார்களின் முகப்பில் மின்செருகி தொங்குவதைக் காணலாம். சைபீரியாவின் யாக்கூட்ஸ்கிலோ காருக்குக் கனத்த போர்வையே போர்த்துகிறார்கள். ஆனால் வண்டியைக் காக்கப்போய் உயிரை விட்டவர்களும் உண்டு. புகைக்குழாயை வெண்பனி மூடியது அறியாமல் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே குளிர்காய்ந்தவர்களைக் காபனோரொட்சைட்டு வாயு கொன்றிருக்கிறது.

இவற்றுள் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. அந்தச் செருகியைப் பொருத்தும் மின்கம்பத்தைக் காரோட்டி நடுவதில்லை. தொழிற்சாலையோ குடியிருப்போ, இடத்தின் சொந்தக்காரர் குளிர் வருமுன் நட்டு வைக்கிறார்.

சப்ரகமுவத் தோட்டங்களில் வாழும் நமக்குக் குளிர் பகையல்ல; மழைதான் பகை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருக்கும் ஒரு போர்வை கொடுத்தார்கள். கம்பளி என்றார்கள். மழையில் தலைக்கும் இரவில் உடம்புக்கும் அதுவே காப்பு. அதன் விலையோ அவர்கள் பேரில் கடனாக ஏறியது.

கம்பளிக் கடன் பழங்கதையாயிற்று. ஆனால் 2016 மே மாதத் தொடர்மழையில் கேகாலை மாவட்டம் புளத்கொஹுபிட்டியவில் மண் சரிந்து தோட்டத்து லயங்களை மூடியது. பலர் உயிரிழந்தனர். லயமும் அதன் மேலுள்ள சரிவும் அங்கே உறங்குகிறவனுக்குச் சொந்தமல்ல. எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் அந்த மண்ணை அவனால் தனியே கட்டி நிறுத்த முடியாது.

ஓர் இயந்திரத்தின் இரவுக்காக முன்கூட்டியே கம்பம் நடுகிற உலகம் இது. மழை வருமுன் லயத்துக்கு மேலுள்ள மண்ணைப் போய்ப் பார்க்க வேண்டியவர் யார் என்ற கேள்வியை நம் எழுத்தாளர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.