கண்மாயும் கண்ணாடி இழையும்

(புதுக்கோட்டைப் படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆய்வுக்கும் கல்விக்குமான கணினி வலையங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியதைப் பார்த்துவிட்டு, "இதற்கும் நமக்கும் என்ன ஐயா தொடர்பு?" என்று இரண்டு தோழர்கள் என்னிடமே கேட்டுவிட்டார்கள். கேட்டது நியாயந்தான். கம்பி, கருவி, கண்ணாடி இழை என்றால் அது பொறியாளர் பாடு, பொதுக்கூட்ட மேடைக்கு ஏன் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால், கண்மாய் வெட்டுவது மண்வெட்டி பிடித்தவன் பாடு என்று விட்டுவிட்டு, மடையைத் திறப்பவர் யார், மூடுபவர் யார் என்று கேளாமலே இருந்த ஊர் இந்தச் சீமையில் உண்டா? அந்த மடைக் கேள்விதான் அரசியல். கூட்டத்திற்கு வந்த உங்களையும், இந்த ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு படிக்கின்ற உங்களையும் அதைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

வலையம் என்றதும் சட்டைப் பையிலே இருக்கும் கைப்பேசி நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவன்று. பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் தங்களுக்குள்ளே இழுத்துக்கொள்ளும் தனிவழி இது. விற்பதற்காக அன்று, பகிர்வதற்காக.

இதன் கதை எங்கே தொடங்குகிறது? 1966-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மூன்று பல்கலைக்கழகங்கள் கூடின. அன்று கணினி என்பது ஒரு கூடத்தையே அடைத்துக்கொள்ளும் பெரும்பொருள். விலையோ யானை விலை. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. எல்லாவற்றையும் ஒருவரே வாங்கவும் வழியில்லை. வாஷிங்டன் வந்து வாழ்வளிக்கட்டும் என்று காத்திருக்காமல், "உன் கணினியை நான் பயன்படுத்துகிறேன், என் கணினியை நீ பயன்படுத்து" என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். அந்தக் கூட்டுக்கு மெரிட் என்று பெயர். முதல் இணைப்பு உயிர்பெற 1971 ஆகிவிட்டது, ஐந்தாண்டு பொறுத்தார்கள். அதன் பயன் என்ன தெரியுமா? 1987-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நாடு தழுவிய முதுகெலும்பு வலையம் ஒன்றை நடத்த ஆள் தேடியபோது, அந்தப் பொறுப்பு இந்த மாநிலக் கூட்டின் தலைமையில் அமைந்த குழுவுக்குத்தான் கிடைத்தது. வட்டாரம் முந்தி, மையம் பிந்தி! அந்த முதுகெலும்பிலே வந்து பொருந்தியவையும் வட்டார வலையங்களே. இன்று உலகமே இணையம் என்று எதைக் கொண்டாடுகிறதோ, அதன் விலா எலும்புகள் அவை.

நம் நாட்டுக்கு வருவோம். 1986-இல் மத்திய மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்னும் கல்வி ஆய்வு வலையத்தைத் தொடங்கியது. இணைந்தவை எட்டு நிறுவனங்கள்: ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், டில்லியில் அந்தத் துறையே ஒன்று. தமிழகத்துக்குக் கிண்டி வளாகத்திலே ஒரு முனை கிடைத்தது. பொதுமக்கள் காசு கொடுத்து இணையம் பெறும் நாள் 1995 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது என்றால், அதற்கு ஏறத்தாழ பத்தாண்டுக்கு முன்பே அந்த எட்டு இடத்தவரும் முனைந்துவிட்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அறிவாளிகள் கெட்டிக்காரர்கள்!

பிறகு, 2010 மார்ச்சில் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவை இசைவளித்தது. பத்தாண்டுக்கு 5,990 கோடி ரூபாய். இன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதிலே இணைந்திருக்கின்றன. ஜெனீவா அருகே அணுத்துகள்களை மோதவிட்டு ஆராய்கிறார்களே, அந்தச் செர்ன் ஆய்வகத்தின் கணக்குவழக்கு அந்த வழியாகத்தான் மும்பை டாட்டா ஆய்வகத்துக்கு வந்து சேருகிறது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. நல்ல பணி. பெரும் பணி.

ஆனால், தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். மெரிட் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். தேசிய அறிவு வலையமைப்போ, மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் நடத்தும் திட்டம். முன்னதிலே கல்லூரி பங்காளி. பின்னதிலே கல்லூரி பயனாளி. பங்காளிக்கும் பயனாளிக்கும் உள்ள வேறுபாடு, வயலுக்குச் சொந்தக்காரனுக்கும் வரப்பிலே நின்று தண்ணீர் கேட்பவனுக்கும் உள்ள வேறுபாடு!

நம் மாவட்டத்துக் கண்மாய்களைப் பாருங்கள். காவிரி நம் ஊர் வழி பாயவில்லை. மழையை நம்பிய மண் இது. ஆகவே நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கண்மாய் வெட்டினார்கள். வெட்டியதோடு நின்றார்களா? மேல் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே உபரி இறங்கும், அடுத்த கண்மாய் பெருகும், அதன் உபரி அதற்கடுத்த ஊருக்கு. ஒரு கண்மாயிலிருந்து பக்கத்துக் கண்மாய்க்குத் தண்ணீர் போக, அது முதலில் கடலுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று எவரேனும் ஏற்பாடு செய்தால், அவரை என்னவென்று சொல்வீர்கள்? சிரிக்கிறீர்கள்! ஆனால் இந்திய இணையத்தில் நடந்தது அதுதான். ஒரே நகரத்தில் இருவர், வெவ்வேறு நிறுவனத்தாரிடம் இணைப்பு வாங்கியிருந்தால், ஒருவர் அனுப்பிய மடல் வெளிநாடு சென்று சுற்றிக்கொண்டு மற்றவரிடம் வந்ததுண்டு. போகவர ஆகும் செலவோ டாலரிலே! அதைத் தவிர்க்கத்தான் 2003-இல் நிக்சி என்னும் இணையச் சந்திப்பகத்தை அமைத்தார்கள். பக்கத்து வீட்டாரோடு பேசப் பக்கத்துச் சுவரே போதும் என்பதைக் கண்டுபிடிக்க அத்தனை காலம் ஆயிற்று.

புதுக்கோட்டையிலிருந்து பேருந்தேறினால் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் என்னென்ன இருக்கின்றன? திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தேசியத் தொழில்நுட்பக் கழகமும். தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும், வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் தந்து வளர்த்த மத்திய மின்வேதியியல் ஆய்வகமும். நடுவிலே நாம். 1857-இல் தோன்றிய மன்னர் கல்லூரி நம்மிடம் இருக்கிறது. 2017-இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

வம்பன் என்றதும் சற்று நிற்கிறேன். அது நம் பெருமை. வீட்டில் இட்டலிக்கு ஊறப்போடும் உளுந்துக்குப் பின்னால் அந்த மையத்தின் உழைப்பு இருக்கிறது. வம்பன் என்ற ஊர்ப்பெயரையே விதைக்குப் பெயராகச் சூட்டி, வம்பன் 8 போன்ற உளுந்து இரகங்களை உழவர் கைக்குத் தந்திருக்கிறார்கள். உளுந்துக்குக் காலன், மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்லும். அந்த ஈக்கு மாவட்ட எல்லையும் தெரியாது, மாநில எல்லையும் தெரியாது. ஆகவே அதை எதிர்த்து நிற்பவர்களும் எல்லை தாண்டிக் கூடவேண்டும்: வம்பனில் ஒருவர், கோவையில் ஒருவர், கான்பூர் பயறு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒருவர், பாசிப்பயறு ஆய்வுக்குப் பெயர்பெற்ற தைவான் உலகக் காய்கறி மையத்தில் ஒருவர். ஒரு செடியின் மரபணுவை முழுவதும் படித்தெழுதினால், அந்தக் கணக்கு ஒரு திரைப்படத்தைவிடப் பன்மடங்கு பெரிதாகிறது. அதைத் தட்டில் பதிந்து தபாலில் அனுப்புவதா? இல்லை, கைப்பேசி இணைப்பில் ஏற்றிவிட்டு விடிய விடியச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

"2016-க்குப் பிறகு இணையம் மலிந்துவிட்டதே, வீட்டுக்கு வீடு இருக்கிறதே, தனி வலையம் எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கைப்பேசி வழி, பெரும்பாலும் கொள்வதற்காக அமைத்த வழி. கொடுப்பதற்கு அதிலே இடம் குறுகல். பார்வையாளனுக்கு அது போதும். ஆய்வாளனுக்குப் போதாது. நம் பிள்ளைகளைப் பார்வையாளர்களாகவே வைத்திருக்க ஒப்புகிறீர்களா என்பதே என் கேள்வி.

கடல் தாண்டி நம்மவர் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் என்றொரு கல்வி ஆய்வு வலையம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அதில் உறுப்பு. 2020-இல் கொள்ளைநோய் வந்து கல்லூரிகள் மூடப்பட்டபோது, வகுப்பு நடத்தும் ஏற்பாட்டை அந்த வலையமே தன் கணினிகளில் ஏற்றிக்கொண்டது. அதை அடையும் மாணவருக்குக் கட்டணம் வேண்டாம் என்று தொலைபேசி நிறுவனங்கள் இசைந்தன. பல்கலைக்கழகங்கள் ஒன்றாக நின்றதால், ஒரே வாயால் பேச முடிந்தது. நம் மாநிலத்திலும் அரசு சும்மா இருக்கவில்லை. 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ 9 லட்சத்து 69 ஆயிரம் மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜி.பி. இலவச இணைய அட்டை அறிவித்தது. மாணவருக்கு அது உதவியாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான்கு திங்களில் அட்டை முடிந்தது. பணம் நிறுவனங்களுக்குச் சென்றது. நம் கையில் மிஞ்சியது என்ன? அங்கே வலையம் நிற்கிறது.

ஏழை நாடுகளால் ஆகுமா என்று ஐயுறுவோருக்கு ஆப்பிரிக்காவைக் காட்டுகிறேன். 2005-இல் கென்யா, மலாவி, மொசாம்பிக், ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் கல்வி வலையங்கள் உபுண்டுநெட் என்ற கூட்டணியை அமைத்தன. அதுவரை அவரவர் தனித்தனியே துணைக்கோள் வழியைக் கொள்ளைவிலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்தபின் பேரம் பேசும் வலிமை வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியும் வந்தது. மலாவியால் முடிந்தது திருச்சி மண்டலத்தால் முடியாதா?

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும், அது நம் வயிற்றிலே பட்ட அடி. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் கரையேறியதே, நினைவிருக்கிறதா? கீரமங்கலத்துத் தென்னைகளை மறந்தவர் இங்கே எவரும் இருக்க முடியாது. மின்கம்பம் சாய்ந்தது, கோபுரம் ஊமையாயிற்று, பிழைத்தோமா இல்லையா என்று சென்னையிலிருக்கும் பிள்ளைக்குச் சொல்ல வழியில்லாமல் நாட்கள் கழிந்தன. ஒற்றைக் கயிற்றில் தொங்குபவனுக்கு அந்தக் கயிறு அறுந்தால் கதி என்ன? வட்டார வலையங்கள் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருந்தால், தஞ்சை வழி அறுந்தாலும் திருச்சி வழி இருக்கும், அதுவும் போனால் காரைக்குடி வழி இருக்கும். மருத்துவக் கல்லூரிக்கு இது ஆய்வுப் பொருள் மட்டுமன்று.

இப்போது 2025 தொடக்கத்திலிருந்து 'ஒரு நாடு ஒரு சந்தா' என்றொரு திட்டம் நடக்கிறது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய்; 30 பதிப்பகங்கள்; ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள்; அரசுக் கல்லூரி மாணவரும் படிக்கலாம். (இந்தப் பெயர்களில் 'ஒரு' என்ற சொல்லின் மீது டில்லிக்கு உள்ள காதலைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.) வரவேற்கத்தக்க ஏற்பாடு, தனியார் கல்லூரி மாணவர் முதற்கட்டத்தில் வெளியே நிற்கிறார் என்ற குறையோடு. ஆனால் ஏட்டுக்குச் சந்தா கட்டிவிட்டுப் படிப்பகத்துக்குக் கதவு வைக்காவிட்டால்? அதோடு, உள்ளே வருவதை மட்டுமே எண்ணுகிறோம். வெளியே போகவேண்டியது இல்லையா? ஞானாலயாவில் அடுக்கியிருக்கும் பழந்தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆய்வாளர்கள் பேருந்தேறி வருகிறார்கள். நமக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூலகத்தைச் சிதறாமல் காக்க, சிகாகோ பல்கலைக்கழகம் வரவேண்டியிருந்தது. குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டை வெட்டியவன் மாணவர் நலனுக்காக என்று எழுதிவைத்தான், பூட்டிவைக்கவில்லை.

1991-இல் ஷீலாராணி சுங்கத் ஆட்சித் தலைவராக இருந்தபோது இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தார்கள். கல்குவாரிப் பெண்கள் கடனில் வண்டி வாங்கி, பேருந்துக்கும் ஆண்பிள்ளைக்கும் காத்திராமல் ஊர் ஊராகச் சென்றார்கள். எழுத்துக்கு இணையாக வழியும் வேண்டும் என்று நாட்டுக்கே காட்டிய மாவட்டம் இது!

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டம் மாநில அரசின் கையில் இருக்கிறது. அந்த இழை ஊராட்சி அலுவலகத்தின் வாசலோடு நிற்கவேண்டியதில்லை. கல்லூரிக்கும், நூலகத்துக்கும், வம்பனுக்கும் அதிலே பங்கு கேட்போம். பங்கு பெற்ற நிறுவனங்கள் சேர்ந்து நிர்வாகக் குழு அமைக்கட்டும். அதிலே திருச்சிக்கு எத்தனை வாக்கோ, புதுக்கோட்டைக்கும் அத்தனை வாக்கு. டில்லியின் முதுகெலும்போடு சேரட்டும், கொழும்போடும் சேரட்டும். சேர்வது யாரோடு, எப்படி என்பதை அந்தக் குழு முடிவு செய்யட்டும்.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொரு தோழரும் தம் ஊருக்கு அருகிலுள்ள கல்லூரிக்குச் செல்லுங்கள். நூலகரைப் பாருங்கள். எந்த வலையத்தில் இணைந்திருக்கிறீர்கள், எத்தனை வேகம், பழுதானால் யாரிடம் முறையிடுகிறீர்கள், அவர்கள் எத்தனை நாளில் வருகிறார்கள் என்று பணிவோடு கேட்டுக் குறித்து வாருங்கள். அதட்டவேண்டாம், அவரும் நம்மைப்போல் காத்திருப்பவரே. கிடைக்கும் விடைகளை ஒரே தாளில் எழுதி, மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோரிடமும், எந்தக் கட்சியினராயினும், கொடுப்போம். அறந்தாங்கித் தோழர்களுக்குக் கடைசிப் பேருந்து நேரமாகிவிட்டதென்று சீட்டு வந்திருக்கிறது. குறிப்பேடுகள் வாசலில் இருக்கின்றன. ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.