சிறிய எஞ்சினுக்குத் தனிக் கணக்கு



பெரிய பொருளொன்றைச் சிறிதாகச் செய்ய வேண்டுமானால், எல்லா அளவுகளையும் ஒரே எண்ணால் வகுத்தால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். காட்சிப் பொம்மைக்கு அது சரி. ஆனால், உழைக்கும் இயந்திரத்திற்கு அது போதாது. இதனைச் சிறிய நீராவி ரயில் எஞ்சினைக் கொண்டு இன்று அறிந்துகொள்வோம்.

இங்கிலாந்தில் வீட்டுப் பட்டறையிலேயே இத்தகைய எஞ்சின்களைச் செய்வோர் பலர். அவர்களுக்கென 1898ஆம் ஆண்டில் 'மாடல் எஞ்சினியர்' என்னும் இதழ் தோன்றியது. இவ்வளவு சிறிய எஞ்சின் நிலக்கரியை எரித்து ஓர் ஆளை இழுக்குமா என்று 1920களில் அதில் பெரிய வாதம் நடந்தது. 'எல்.பி.எஸ்.சி.' என்னும் புனைபெயரில் எழுதிய ஒருவர், 2½ அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் 'ஆயிஷா' என்ற எஞ்சினைச் செய்து, இழுக்கும் என்று காட்டினார்.

இதிலுள்ள கணக்கு என்ன? வீட்டில் 8 தீப்பெட்டிகளை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டிரண்டாக அடுக்கிப் பாருங்கள். நீள, அகல, உயரம் 2 மடங்கு. வெளிப்பரப்பு 4 மடங்கு. கொள்ளளவோ 8 மடங்கு! அப்படியானால், எஞ்சினை 16இல் ஒரு பங்காகக் குறைத்தால், பரப்பு 256இல் ஒரு பங்கு. கொள்ளும் நீரோ 4096இல் ஒரு பங்குதான். நீர் குறைந்த அளவுக்கு மேற்பரப்பு குறைவதில்லை. ஆகவே சிறிய எஞ்சின் விரைவில் சூட்டை இழக்கும். குண்டான் நிறையக் கொதித்த நீர் நெடுநேரம் சூடாக இருக்க, கோப்பைத் தேநீர் சீக்கிரம் ஆறிவிடுவதும் இதனால்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். பெரிய எஞ்சினின் கொதிகலனுக்குள் சுமார் 2 அங்குலக் குழாய்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். நெருப்பின் சூடு அவற்றின் வழியே செல்லும். 16ஆல் வகுத்தால் குழாய் ⅛ அங்குலமாகிவிடும். குழாய் சிறுத்தாலும் கரித்துகள் சிறுக்காதே! சிறிது நேரத்தில் அடைத்துக்கொள்ளும். எனவே, குழாய்களைப் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள்.

சக்கரம் செய்வதிலும் கணக்கு உண்டு. முதலில் மரத்தில் மாதிரி செய்து, மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்களவு சுருங்கும். ஆகையால் மரமாதிரியை அந்த அளவு கூட்டியே செய்ய வேண்டும். பிறகு கடைந்தெடுப்பதற்கும் சிறிது மிகுதி வைக்க வேண்டும். இந்நாளில் கணினியில் வரைந்து, பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகப் படியவைத்தும் மாதிரி செய்கிறார்கள். சுருக்கக் கணக்கு மட்டும் மாறவில்லை.

கொதிகலனைப் பெரும்பாலும் செம்பில் செய்கிறார்கள். செம்பு அடிக்க அடிக்க இறுகும். சிவக்கக் காய்ச்சினால் மீண்டும் இளகும். நம் பத்தர்கள் நன்கறிந்த வித்தை இது. மூட்டுகளை வெள்ளி கலந்த பற்றாசு கொண்டு இணைப்பார்கள்.

இங்கேதான் உயிருக்கு ஆபத்து. பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். அதனால் நெருப்பு மூட்டும் முன்பே கொதிகலனைச் சோதிக்க வேண்டும். சதுர அங்குலத்திற்கு 80 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டிய புதிய கொதிகலனைக் குளிர்ந்த நீரால் முழுதும் நிரப்பி, 160 பவுண்டு வரை அழுத்திப் பார்ப்பார்கள். காற்றைக்கொண்டு சோதிப்பது கூடாது. அழுத்திய காற்று உடைப்பின் வழியே வெடித்துச் சீறும். நீர் அழுத்தத்திற்கு அதிகம் சுருங்காததால், மூட்டு விட்டாலும் ஒழுகி நின்றுவிடும்.

பெற்றோர்களே, வகுத்தலும் பெருக்கலும் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடும் பாடங்கள் அல்ல. ஓர் உறுப்பு என்ன வேலை செய்கிறது, அதற்கு எந்த அளவு வேண்டும் என்று கேட்கப் பழகிய பிள்ளையே நாளை பட்டறையில் நம்பத்தக்க தொழிலாளியாவான். இன்றிரவு அந்தத் தீப்பெட்டிகளை அவர்கள் கையில் கொடுங்கள், எண்ணிப் பார்க்கட்டும்.