வெறுப்பில்லாமலும் ஒடுக்கலாம்: ஒருபால் ஈர்ப்பும் நம் முன்முடிவும்

   

எனக்கும் இந்த அவையில் இருக்கும் நண்பர்கள் சிலருக்கும் நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. கருத்தரங்குகளில் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். இன்று முழுவதும் சொல்லிவிடுகிறேன். ஒருபால் ஈர்ப்புடையோர் படும் துன்பத்துக்கு மூலம் தனிமனிதர் மனத்திலுள்ள வெறுப்பு என்பது நண்பர்களின் கட்சி. அதை வினாத்தாள் வைத்து அளக்கலாம், விழிப்புணர்வால் குறைக்கலாம் என்கிறார்கள். மேலைநாடுகளில் உள்ள வெறுப்பு நம்மிடம் இல்லை, கூவாகம் திருவிழாவில் கூடும் கூட்டமே அதற்குச் சாட்சி என்றும் சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. ஆண் பெண்ணையும் பெண் ஆணையும் நாடுவது மட்டுமே இயல்பு என்று வைத்துக்கொண்டுதான் குடும்பத்தையும் காவல் நிலையத்தையும் மருத்துவமனையையும் கட்டியிருக்கிறோம். இந்த எதிர்பால் மையவாதம் இயங்குவதற்கு வெறுப்பவர் ஒருவர்கூடத் தேவையில்லை.

கூவாகம் பற்றி ஒரு சொல். அது திருநங்கையரின் விழா. அவர்களுக்கென்று 2008இலேயே நலவாரியம் அமைத்த மாநிலம் இது. அந்தப் பெருமை நமக்கு உரியதுதான். ஆனால் விழாவில் கும்பிடுகிறவர் மறுநாள் வாடகைக்கு வீடு கொடுப்பாரா என்பது வேறு கேள்வி. அதை வைத்து ஒருபால் ஈர்ப்புடையோருக்கும் இங்கே இடம் இருக்கிறது என்று சாதிப்பது அதைவிடப் பெரிய தாவல்.

இப்போது என் சான்றுக்கு வருகிறேன். 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். இருவரும் வயது வந்தவர்கள். ஒருவரையொருவர் நேசித்தார்கள். வீட்டில் எதிர்ப்பு வந்ததும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். இரு வீட்டாரும் தத்தம் மகளைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். இரண்டு முதல் தகவல் அறிக்கைகள் பதிவாகி, விசாரணை அந்தப் பெண்களின் வாசலுக்கு வந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மகள் வீடு திரும்பவில்லை என்றால் பெற்றோர் புகார் கொடுப்பார்கள், அது பாசம். புகார் வந்தால் காவலர் பதிவு செய்து தேடுவார், அது கடமை. இதில் யார் யாரை வெறுத்தார்கள்? ஒருவரும் இல்லை. ஆனால் தன் விருப்பத்தோடு ஒரு துணையைத் தேர்ந்து ஊர் மாறிய பெண், பதிவேட்டில் தொலைந்துபோனவள் ஆகிவிடுகிறாள். உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை இத்தகைய உறவுகளிலிருந்து விலக்கியது 2018 செப்டம்பர் 6 அன்று. குற்றம் என்ற பெயர் நீங்கி இரண்டரை ஆண்டு கழிந்தும் அந்தப் பெண்கள் ஒளிய வேண்டியிருந்தது.

வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதவில்லை. பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். அங்கே பெற்றோர் சொன்னது நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. இன்னொரு பெண்ணைத் துணையாகக் கொள்வதைவிட, தம் மகள்கள் கடைசிவரை தனியே, துறவு நிலையில் இருந்துவிட்டால் அதுவே கௌரவம் என்று அவர்கள் கருதினார்கள். சமூகம் என்ன சொல்லும் என்ற அச்சமும், வம்சம் என்னாகும், குழந்தை தத்தெடுப்பது எப்படி என்ற குழப்பமும் அவர்களுக்கு இருந்தன.

கல்யாணமாகாத மகளை வயிற்றில் கட்டிய நெருப்பு என்று சொல்லும் ஊர் இது. பெண்ணைப் பெற்றவர்கள் எதைக் கண்டு காலமெல்லாம் அஞ்சுகிறார்களோ, அதையே இந்தப் பெற்றோர் மனமுவந்து ஏற்கத் தயாரானார்கள். மகள்மேல் அன்பு இல்லாமலா? அன்பு இருந்தது. அந்த அன்பு போவதற்கு நாம் வேறு தடம் போட்டுவைக்கவில்லை. எந்த வெறுப்பு அளவுகோல் இதைக் காட்டும் என்று நண்பர்களைக் கேட்கிறேன்.

அடுத்து நீதியரசர். ஒருபால் ஈர்ப்பை முழுமையாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையில் தானும் ஒருவர் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். தீர்ப்பு அறிவிலிருந்து மட்டும் வரக்கூடாது, மனத்திலிருந்து வரவேண்டும் என்று கருதி, தானே அந்த உளவியலாளரிடம் போய்க் கற்றார். 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். காணவில்லை என்ற புகாரில், சம்பந்தப்பட்டோர் வயது வந்தவர்கள், மனம் ஒப்பிச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் பெற்றுப் புகாரை முடித்துவிட வேண்டும். ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வது கூடாது. இந்த வழக்கின் தொடர்ச்சியாகவே 2022இல் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. இத்தகைய மாற்றுச் சிகிச்சை தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்தது.

நண்பர்கள் இதை ஒரு நல்ல மனிதரின் பணிவு என்று பாராட்டி நகர்ந்துவிடுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான், நானும் தலைவணங்குகிறேன். ஆனால் ஆய்வாளர்களாகிய நாம் அதோடு நிற்கலாமா? சட்டம் அறிந்தவர், வெறுப்பில்லாதவர், 377 தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவர். அவருக்கே தனியாகப் பாடம் தேவைப்பட்டது என்றால், தடை வெறுப்பில் இல்லை. வெறுப்புக்கு அடியில், யாரும் எடுத்துப் பார்க்காத அந்த முன்முடிவில் இருக்கிறது. பெற்றோர், காவலர், நீதியரசர் என எல்லோரிடமும் நம் வினாத்தாளை நிரப்பச் சொன்னால் வெறுப்பு மிகக் குறைவு என்றுதான் விடை வரும். அந்த இரு பெண்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

இந்த முன்முடிவின் மனநல விளைவுகளைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். இலான் மேயர் 2003இல் விரித்தெழுதிய சிறுபான்மை அழுத்தக் கோட்பாட்டை மாணவர்கள் படித்திருப்பீர்கள்: மறைத்து வாழ்வதும், எப்போது அவமதிப்பு வருமோ என்று காத்திருப்பதுமே நோயாகின்றன. அமெரிக்காவில் 2004, 2005இல் ஒருபால் திருமணத்துக்குத் தடை கொண்டுவந்த மாநிலங்களில் அங்கிருந்த ஒருபால், இருபால் ஈர்ப்புடையோரின் மனநோய்கள் கூடியதை ஹாட்சன்பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் காட்டினார்கள். சட்டத்தின் ஒரு வரி மனத்தில் நோயாக இறங்குகிறது.

இதே முன்முடிவு பாடத்திட்டத்திலும் இருக்கிறது. 2024 ஆகஸ்டு இறுதியில் வந்த மருத்துவப் பாடத்திட்ட வழிகாட்டுதலில் பெண்களின் ஒருபால் உறவு மறுபடியும் இயற்கைக்கு மாறான குற்றமாக இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்து சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. பழைய பாடம் எப்படித் திரும்ப நுழைந்தது என்பதைக் கல்வியியல் துறையினர் ஆராய வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், வேலூர்ப் பெண் ஒருவரின் வழக்கில், திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்றது. இந்த இரண்டுக்கும் நடுவே மருத்துவமனைக் கையொப்பம், வாரிசுரிமை, வங்கி நியமனம் எப்படி நடக்கின்றன என்று கள ஆய்வு வேண்டும். இத்தகைய இணையர் தொடர்பான ஆட்கொணர்வு மனுக்களை ஊர்வாரியாகத் தொகுக்கலாம். முனைவர் பட்டத்துக்கு ஏற்ற பொருள் அது. பள்ளி ஆலோசகர்கள் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தன் ஈர்ப்பை யாரிடமும் சொல்லாமலே மணமுடித்துவைக்கப்பட்டு இன்று அறுபது, எழுபது வயதைத் தொட்டிருக்கும் கிராமத்துப் பெண்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய வேண்டும். பெண் ஆய்வாளர்கள் இதை எடுத்துக்கொண்டால் நல்லது; பெயரும் ஊரும் வெளியே வராதபடி பதிவைக் காப்பதற்கான விதிமுறைகளைத் துறை முதலில் வகுத்துத் தரவேண்டும்.